இஞ்ஞாசி பிடித்த கயிறு

திரேஸ்புரத்தில் வந்து "இஞ்ஞாசி வீடு எது?" என்று கேட்டால் நாலு இஞ்ஞாசி வீட்டைக் காட்டுவார்கள். "வெள்ளைக்காரன் இருக்கிற வீடு" என்றால் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் வாசலிலேயே விட்டுவிடுவார்கள். வெள்ளைக்காரனெல்லாம் மூட்டை கட்டிக் கப்பலேறிப் போன மறு வருஷம், ஒருத்தன் மட்டும் வேலை மெனக்கெட்டு வந்து, சங்கைக் குவித்து வைக்கிற கிட்டங்கிக்கு அடுத்த சந்தில் குடியிருக்கிறான் என்றால் ஊர் பேசாமல் இருக்குமா? அதுவும் சங்குச் சதை அழுகுகிற நாற்றத்துக்குப் பயந்து சொந்தக்காரர்களே சோறு தின்ன வராத வீட்டில்.

அவன் பெயர் எய்னோ. இங்கிலீஷ்காரன் இல்லை, பின்லாந்து என்கிற நாட்டுக்காரன். அந்தத் தெருவுக்கு ரோமாபுரி தெரியும், லிஸ்பன் தெரியும், கொழும்பு கொல்லைப்புறம் மாதிரி. பின்லாந்து மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை. இஞ்ஞாசியின் பெண்டாட்டி ஹில்டாதான் துணிந்து கேட்டாள்.

"அங்கன என்ன வெளையும்?"

"பனி," என்றான் எய்னோ.

"எங்க மாதாவும் பனிமய மாதாதான். அப்ப நீரு நம்ம ஆளு," என்று ஹில்டா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். பனியை அவளும் கண்டதில்லை, அந்தக் கோவிலுக்குப் போகிற ஒருவரும் கண்டதில்லை.

அவனைக் கரைக்குக் கொண்டுவந்தவனே இஞ்ஞாசிதான். சங்கு குளிக்கிற காலம் போக மற்ற மாதங்களில் இஞ்ஞாசி சரக்குத் தோணியில் போவான். தூத்துக்குடிக் கடலில் கரையோரம் ஆழம் போதாது. கப்பல்கள் தூரத்திலேயே நங்கூரம் போட்டு நிற்க, தோணிகள்தான் போய்ச் சரக்கை ஏற்றி இறக்கும். அப்படிப் பலகை இறக்கப் போன நாளில் பலகையோடு பலகையாக ஒரு மனிதனையும் இறக்கிவிட்டார்கள். டைபாய்டு காய்ச்சல். கப்பலுக்குப் புறப்படுகிற அவசரம், கிளம்பிவிட்டது. எய்னோ ஆஸ்பத்திரியில் கிடந்து, எலும்பும் தோலுமாக எழுந்து, அடுத்த கப்பல் வருகிறவரை இருக்கட்டும் என்று ஏஜெண்டு ஆபீஸ்காரர்கள் சொன்னதன்பேரில் இஞ்ஞாசி வீட்டு முன்னறைக்கு வந்தான். அடுத்த கப்பலும் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. எய்னோ போகவில்லை.

காரணம் பந்து.

உடம்பு தேறியதும் கடற்கரையில் பயல்களோடு பந்து உதைக்க ஆரம்பித்தான். அந்த வழியாக வந்த மில் மேஸ்திரி காசிலிங்கம் சைக்கிளை விட்டு இறங்கி நின்றார். மில்லுக்கு ஒரு ஃபுட்பால் டீம் உண்டு, அதற்கு அவர்தான் தாயும் தகப்பனும். மணலில் புதைகிற காலோடு ஒருத்தன் பந்தை இடது காலிலேயே ஒட்டவைத்துக்கொண்டு ஏழெட்டுப் பேரைத் தாண்டுவதைப் பார்த்தார். மறுநாள் காலை இஞ்ஞாசி வீட்டு வாசலில் நின்றார்.

"ஏலே இஞ்ஞாசி, ஒன் வீட்டுத் தொரைக்கு மில்லுல ஒரு வேல போட்டுத் தாரேன். கிட்டங்கி சூப்பர்வைசர்."

"அவனுக்குக் கிட்டங்கியப் பத்தி என்ன தெரியும் அண்ணாச்சி?"

"கிட்டங்கி எங்கன இருக்குன்னே அவனுக்குத் தெரிய வேண்டாம்லே. தருவை மைதானம் எங்கன இருக்குன்னு தெரிஞ்சா போதும்."

எய்னோ இதை நம்பவில்லை. பந்து விளையாடச் சம்பளமா? அவன் நாட்டில் அப்படி ஒரு வழக்கமே கிடையாது. வீப்புரி என்கிற ஊரில் பிறந்தவன். பகலில் மரக்கிட்டங்கியில் பலகை அடுக்கிவிட்டுச் சாயங்காலம் விளையாடுவான். மீசை முளைக்கிற வயதிலேயே ஊர் டீமுக்குள் வந்துவிட்டான். நாற்பதாம் வருஷம் அவர்கள் நாட்டிலேயே ஒலிம்பிக் நடப்பதாக இருந்தது, அதற்குப் பொறுக்கியெடுத்தவர்களில் இவன் பெயரும் இருந்தது. யுத்தம் வந்தது. ஒலிம்பிக் இல்லை என்றார்கள். பூட்ஸைக் கழற்றி வேறு பூட்ஸை மாட்டித் துப்பாக்கியைக் கையில் கொடுத்தார்கள். ஓடுகிற வயதையெல்லாம் பனிக்குழியில் படுத்துக் கழித்துவிட்டு எழுந்து பார்த்தால், வீப்புரி ரஷ்யாக்காரன் கைக்குப் போயிருந்தது. விளையாடிய மைதானம் வேறு நாட்டில். அம்மா அகதியாய் எங்கோ போய்ச் செத்திருந்தாள். அதன் பிறகுதான் கப்பலில் கரி அள்ளிப்போட வந்தான்.

ஆக, எய்னோ பந்துக்குச் சம்பளம் வாங்கிய முதல் ஊர் தூத்துக்குடி. நமக்குப் பெருமையாக இருக்கலாம். முப்பத்திரண்டு வயதில் முதல் சம்பளம் வாங்குகிற ஆட்டக்காரனுக்கு அது பெருமையா துக்கமா என்று அவனைத்தான் கேட்க வேண்டும்.

வந்த புதிதில் பூட்ஸ் போட்டுக்கொண்டு மைதானத்தில் இறங்கினான். எதிர் டீம்காரர்கள் அத்தனை பேரும் வெறுங்கால். "இது பந்தாட்டமா, மாட்டுக்கு லாடம் அடிக்கிற எடமா?" என்று சண்டைக்கு வந்துவிட்டார்கள். காசிலிங்கம் சமாதானம் பேசி அவனை வெறுங்காலில் விளையாட வைத்தார். மாசி வெயிலில் தருவைத் தரை சுடுசட்டி. முதல் மாதம் அவன் உள்ளங்காலில் தோலே இல்லை. நொண்டிக்கொண்டு வந்து முன்னறையில் உட்காருவான். முழங்காலில் யுத்தகாலத்து அடி வேறு, வீங்கிக்கொள்ளும். உள்ளேயிருந்து உப்பைச் சட்டியில் வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தட மூட்டை வரும். மூட்டையைக் கொண்டுவந்து கொடுப்பவள் ஹில்டா. வறுத்துக் கட்டியவள் ஆக்னஸ்.

ஆக்னஸ் இஞ்ஞாசியின் இளைய தங்கச்சி. முப்பதைத் தாண்டியவள். அவளுக்கும் ஒரு கல்யாணம் நிச்சயமாகிக் கோவிலில் ஓலை வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிறு சாமியார் வாசிக்க வேண்டும். இரண்டு ஞாயிறு ஆயிற்று. மாப்பிள்ளை, கல்யாணச் செலவுக்கு ஆச்சு, ஒரு நடை ரங்கூன் போய்விட்டு வந்துவிடுகிறேன் என்று போனான். ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டான். செத்தான் என்று சொல்ல ஆளில்லை, இருக்கிறான் என்று சொல்லவும் ஆளில்லை. மூன்றாவது ஓலை வாசிக்கவே இல்லை. ஆக்னஸைக் குமரி என்றும் சொல்ல முடியாது, விதவை என்றும் சொல்ல முடியாது. கன்னியாஸ்திரிகளிடம் படித்த லேஸ் பின்னலைப் பின்னிக்கொண்டு அடுக்களைக்கும் முற்றத்துக்கும் நடுவே இருந்தாள்.

மத்தியானங்களில் வீட்டில் இரண்டே பேர் இருப்பார்கள். முன்னறையில் காலை நீட்டிக்கொண்டு எய்னோ, முற்றத்தில் லேஸ் திண்டை மடியில் வைத்துக்கொண்டு ஆக்னஸ். பேசிக்கொள்ள மாட்டார்கள். லேஸ் குச்சிகள் ஒன்றோடொன்று மோதுகிற சத்தம் மட்டும் கேட்கும். ஒருநாள் அவள் நிறுத்தியபோது உள்ளேயிருந்து எய்னோ, "ஏன் நிறுத்துன?" என்று கேட்டான். அவள் மறுபடி பின்ன ஆரம்பித்தாள். அன்றைக்கு ராத்திரி குழம்பில் அவனுக்கு மீன்தலை விழுந்தது. ஹில்டா பார்த்தாள், பார்க்காத மாதிரி இருந்துகொண்டாள்.

தெருவிலே பொறுக்கிய தமிழ் அவனுடையது. மரியாதை, மட்டு தெரியாது. காசிலிங்கத்தை "ஏலே அண்ணாச்சி" என்பான். அவர் முதலில் முறைத்தார், பிறகு அதிலேயே மயங்கிவிட்டார். ஆக்னஸ் கூப்பிடுவதைக் கேட்டு ஹில்டாவை "மைனி" என்பான். இஞ்ஞாசியை "இஞ்ஞாசி" என்று பெயர் சொல்லித்தான். ஆக்னஸை எப்படிக் கூப்பிடுவது என்று அவனுக்குத் தெரியவில்லை, அதனால் கூப்பிடவே இல்லை.

நாற்பத்தொன்பதாம் வருஷப் பொங்கல் வந்தது. மில்லுக்கு விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை மதுரை டீமோடு பொங்கல் கோப்பைக்குக் கடைசி ஆட்டம். "ரெண்டு நாளும் காலத் தூக்கி மேல வச்சுக்கிட்டுப் படுத்துக் கெட," என்று சொல்லிவிட்டுப் போனார் காசிலிங்கம். எய்னோவுக்குப் படுக்கை கொள்ளவில்லை. பொங்கலுக்கு மறுநாள் விடியுமுன் இஞ்ஞாசி சங்குக்குக் கிளம்பியபோது, நானும் வாரேன் என்று கூடவே நடந்தான்.

சங்கு குளிக்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. குளிக்கிறவன் கல்லில் காலை வைத்து ஏழெட்டுப் பாகம், அதாவது ஏழெட்டு ஆள் ஆழத்துக்கு இறங்குவான். மேலே வள்ளத்தில் நிற்கிறவன் கையில் அவன் கயிறு இருக்கும். கீழே இருந்து சுண்டினால் இழுக்க வேண்டும். கண் அசந்தால் ஆள் போய்விடுவான். அந்தக் கயிற்றை அண்ணன் தம்பியிடம் கொடுக்க மாட்டார்கள். சொத்துப் பங்கு இருக்கிறதே. சிநேகிதனிடமும் கொடுக்க மாட்டார்கள். பெண்டாட்டியின் உடன்பிறந்தான், மச்சான், அவன் கையில்தான் கொடுப்பார்கள். கூடப் பிறந்தவள் தாலி அறுக்க எவன் சம்மதிப்பான்? இஞ்ஞாசி பிடிப்பது இனிகோவின் கயிறு. இனிகோ அவனுடைய மூத்த தங்கச்சியைக் கட்டியவன்.

அன்றைக்கு இனிகோவுக்குக் காதுவலி. ஆழத்தில் இறங்கி இறங்கிக் காதில் சீழ் வைத்திருந்தது. ஆனாலும் வந்துவிட்டான். முதல் முங்கிலேயே காதைப் பொத்திக்கொண்டு மேலே வந்து வள்ளத்தில் சுருண்டு படுத்தான். கயிறு சும்மா கிடந்தது, கல்லும் சும்மா கிடந்தது. சுற்றிலும் முப்பது வள்ளம், கண்ணாடி மாதிரி கடல், கீழே சங்கு. எய்னோ சட்டையைக் கழற்றினான்.

"நான் போறேன். எங்க ஊருல ஏரி நெறைய உண்டு. நான் நல்லா முங்குவேன்."

"சும்மா இரு," என்றான் இஞ்ஞாசி. "அதுக்கெல்லாம் மொறை இருக்கு. ஒனக்குக் கயிறு பிடிக்க யாரு இருக்கா?"

"நீதான் இருக்கியே!"

சிரித்துக்கொண்டே கயிற்றை இடுப்பில் சுற்றி, கல்லில் காலை வைத்து இறங்கியே விட்டான். கயிறு வள்ளத்தின் விளிம்பில் உரசிக்கொண்டு ஓடியது. வள்ளத்தில் இருந்த மற்றவர்கள் ஆளுக்கொரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு இஞ்ஞாசியின் முகத்தைப் பார்த்தார்கள். இனிகோகூட தலையைத் தூக்கிப் பார்த்தான். அடியில் ஒரு உயிர் போய்க்கொண்டிருக்கிறது. இஞ்ஞாசி குனிந்து கயிற்றைப் பிடித்தான்.

வேறு என்ன செய்ய முடியும்? யாராயிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆனால் பக்கத்து வள்ளத்தில் இருந்தவன் அந்தக் கணமே அடுத்த வள்ளத்துக்குக் கத்திச் சொன்னான்: "ஏலேய், இஞ்ஞாசி வெள்ளக்காரனுக்குக் கயிறு பிடிச்சிட்டான்!" முப்பது வள்ளமும் திரும்பிப் பார்த்தது.

எய்னோ ரெண்டு சங்கோடு மேலே வந்தான். எல்லோரும் தன்னையே பார்த்துச் சிரிப்பதைக் கண்டு, நன்றாக முங்கியிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு இன்னும் நாலு முறை இறங்கினான். ஐந்து முறையும் இஞ்ஞாசியே கயிறு பிடித்தான். ஒருமுறை பிடித்தாலும் ஐந்து முறை பிடித்தாலும் ஒன்றுதான் என்று அவனுக்குத் தெரிந்துபோயிருந்தது.

கடல்காற்று எழும்பி வள்ளங்கள் கரைக்கு வருவதற்குள் சேதி முன்னால் வந்துவிட்டது. எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். ஹில்டா வாசலில் நின்று பார்த்தால் பக்கத்து வீட்டு அற்புதமணி ஒரு கிண்ணம் சீனியோடு நிற்கிறாள்.

"ஏளா ஹில்டா, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? நான் என்ன அசலா?"

"என்னத்தச் சொல்ல?"

"ஒங்க வீட்டுக்காரரு கயிறு பிடிச்சிட்டாராமே. எப்ப ஓலை? அவரு வேற சபைக்காரரு, சாமியாருகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிட்டாப் போதும். ஞானஸ்நானம் மறுபடி வேண்டாமாம், எங்க மாமியா கேட்டாச்சு."

கயிறு கடலில் நனைந்து இன்னும் காயவில்லை, அதற்குள் மாமியார் கேட்டாயிற்று. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஹில்டா சீனிக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். உள்ளே திரும்பினால் ஆக்னஸ் அடுக்களை வாசலில் நிற்கிறாள். லேஸ் திண்டு கையில் இருக்கிறது, கை ஆடவில்லை.

"மைனி, நெசமா?"

"ஒங்க அண்ணன் வரட்டும்ளா."

அண்ணன் வந்தான். யாரையும் பார்க்காமல் கிணற்றடிக்குப் போய்க் கால் கழுவினான். ஆக்னஸ் கேட்கவில்லை. அண்ணன் இல்லை என்று சொல்லவில்லையே, அதுவே போதும் அவளுக்கு. ரங்கூன் போனவனுக்குப் பிறகு அந்த வீட்டில் ஒருவரும் அவளுக்கென்று ஒரு காரியம் செய்ததில்லை. அன்றைக்குச் சாயங்காலம் தலைக்கு எண்ணெய் வைத்தாள். ஆசைப்பட்டாள். ஒளிக்க என்ன இருக்கிறது, ரொம்ப நாளாகவே ஆசைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

எய்னோ முன்னறையில் முழங்காலைத் தூக்கிவைத்து உறங்கிக்கொண்டிருந்தான். அவனிடம் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டவனுக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்தார்கள்.

மறுநாள் ஞாயிறு. தருவையில் திரேஸ்புரமே வந்து நின்றது. பெண்கள் வருகிற வழக்கம் இல்லை, ஆனால் அன்றைக்கு ஹில்டாவும் ஆக்னஸும் வந்தார்கள். ஆக்னஸ் நீலச் சேலை கட்டியிருந்தாள். காற்று உப்புப் புழுதியை அள்ளிக் கண்ணில் போட்டது. மதுரைக்காரர்கள் நல்ல ஆட்டக்காரர்கள், மில் டீமைப் பாதி நேரம் கோல் பக்கமே முடக்கிவிட்டார்கள். பிறகு எய்னோவிடம் பந்து வந்தது. இடது காலில் வாங்கி, நிமிர்ந்து பார்த்து, இரண்டு பேருக்கு நடுவே புகுந்தான். கடைசியில் இருந்தவன் காலை நீட்டியபோது பந்து அங்கே இல்லை. கோல்.

"இஞ்ஞாசி மச்சான்! இஞ்ஞாசி மச்சான்!" என்று கூட்டம் கத்தியது. இங்கே கோல் அடித்தால் இப்படித்தான் கத்துவார்கள் போலிருக்கிறது என்று எய்னோ நினைத்தான். இரண்டு கையையும் தூக்கிக் கூட்டத்தைப் பார்த்து ஆட்டினான். அவன் ஆட்டிய பக்கத்தில் நீலச் சேலை நின்றிருந்தது. ஆக்னஸ் முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். ஹில்டா அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

ஆட்டம் முடிந்ததும் கோட்டுப் போட்ட ஒருத்தர் எய்னோவிடம் வந்தார். கல்கத்தாவில் ஒரு பெரிய கிளப்பின் ஆள். தெற்கே ஆட்டக்காரர்களைத் தேடி வந்தவர். மைதானத்து ஓரத்தில் நின்று இங்கிலீஷில் பேசினார்கள். காசிலிங்கம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டே துண்டை உதறித் தோளில் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார்.

அன்றைக்கு இஞ்ஞாசி வீட்டில் சீலாமீன் குழம்பும் கணவாய் வறுவலும். விளக்கேற்றுகிற நேரத்துக்கே எய்னோ பலகையில் உட்கார்ந்துவிட்டான். அவன் முகத்தை அந்த வீடு அப்படிப் பார்த்ததில்லை.

"இஞ்ஞாசி, நான் கல்கத்தா போறேன்!"

ஹில்டாவின் அகப்பை சட்டிக்கு மேலே நின்றது.

"பெரிய கிளப்பு. அம்பதாயிரம் பேரு வந்து பாப்பாங்க. மழையில நல்ல புல்லு இருக்கும். பூட்ஸ் போட்டுக்கலாம். புதன்கிழம ரயிலு." மூச்சு வாங்காமல் சொன்னான். "எனக்கு வயசு ஆச்சு. இன்னும் ரெண்டு வருஷம் இந்தக் காலு ஓடும். யுத்தம் எல்லாத்தையும் தின்னுட்டு. இது கடைசி. மைனி, ஒங்களுக்குச் சந்தோசம் இல்லியா?"

"சாப்பிடுங்க," என்றாள் ஹில்டா.

எய்னோ நன்றாகச் சாப்பிட்டான். இஞ்ஞாசி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்துவிட்டு எழுந்து போனான்.

திங்கட்கிழமை காற்று மாறியிருந்தது, வள்ளங்கள் போகவில்லை. இஞ்ஞாசி கரையில் வள்ளத்தைக் கவிழ்த்துப் போட்டுச் சுறா எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். எய்னோவும் ஒரு துணியை எண்ணெயில் முக்கி மறுபக்கம் தேய்த்தான். இனி தள்ளிப்போட முடியாது.

"எய்னோ, சனிக்கிழம நீ முங்குனியே."

"ஆமா. நல்லா முங்குனேனா?"

"நல்லா முங்குன. நான் கயிறு பிடிச்சேன்."

"ஆமா."

"எங்க ஆளுகள்ல கயிறு பிடிக்கவன் மச்சானாத்தான் இருக்கணும். மத்தவன் பிடிக்க மாட்டான். பிடிச்சா, அவன் தங்கச்சியக் கொடுத்தாச்சுன்னு அர்த்தம். மூணு ஓலை வாசிக்கதுக்கு முந்தியே அது ஓலைதான்."

எய்னோ தேய்ப்பதை நிறுத்தினான். புரிந்துகொள்ள அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"நேத்து கத்துனாங்களே..."

"அதுதான்."

"எனக்கு ஏன் சொல்லல? யாராவது ஒரு ஆளு சொல்லியிருக்கலாமே!"

"தண்ணிக்குள்ள போயிட்டவன்கிட்ட என்னத்தலே சொல்ல? கயிறு ஓடுது. நான் விட்டா நீ செத்த. பிடிச்சா என் தங்கச்சி ஒனக்கு. நான் எதச் செய்ய?" இஞ்ஞாசி கையிலிருந்த துணியை வள்ளத்தின்மேல் எறிந்தான். "ஒன்னய நான் கொற சொல்லல. நீ தெரியாமப் போன. ஆனா நீ புதன்கிழம ரயிலு ஏறுனா, ரங்கூன் போனவன் ஒருத்தன், கல்கத்தா போனவன் ஒருத்தன்னு என் தங்கச்சிய ஊரு சிரிக்கும். அவ ராசி அப்படின்னு சொல்லும். நானும் நாளைக்கு எவன் கயித்தப் பிடிக்க?"

எய்னோ எண்ணெய்த் துணியை மணலில் வைத்துவிட்டு வள்ளத்தில் சாய்ந்து உட்கார்ந்தான்.

"இஞ்ஞாசி, எனக்கு ஊரு இல்ல. தெரியுமா?"

"தெரியும்."

"பந்துதான் ஊரு."

"அதுவும் தெரியும்லே. அதனாலதான் நேத்தே சொல்லல."

மத்தியானம் எய்னோ வீட்டுக்கு வந்தான். முற்றத்தில் ஆக்னஸ் மட்டும் இருந்தாள். அவன் முன்னறைக்குப் போகாமல் அவளுக்கு எதிரே வந்து நின்றான். இத்தனை நாளில் அப்படி நின்றதில்லை.

"நான் கல்கத்தா போகல. ஒன்னக் கெட்டிக்கிடுதேன்."

லேஸ் குச்சிகளை அவள் ஒவ்வொன்றாகத் திண்டில் ஊன்றி வைத்தாள்.

"எதுக்கு?"

"ஒங்க அண்ணன் கயிறு பிடிச்சான்லா."

"அதுக்காவவா?"

அவன் முழங்காலைத் தொட்டுக் காட்டினான். "நீ நல்லவ. ஒத்தடம் நீதான் கொடுத்த. எனக்குத் தெரியும்."

"தெரியுமா?" என்று ஒருமுறை சிரித்தாள். பிறகு அவனை நேராகப் பார்த்தாள். "ராத்திரி கல்கத்தான்னு சொன்னீயளே, அப்ப ஒங்க மொகத்த அடுக்களையிலருந்து பாத்தேன். இப்ப என்னக் கெட்டுதேன்னு சொல்லுதப்பயும் பாக்கேன். அந்த மொகம் இது இல்ல."

"ஆக்னஸ்," என்றான். அவள் பெயரை அவன் சொன்னது அதுதான் முதல் தடவை.

"பேரு தெரியுதே, சந்தோசம். நான் சொல்லுததக் கேளுங்க. ரங்கூன் போனவன்கூட ஏழு வருசமாக் குடும்பம் நடத்துதேன். அவன் இருக்கானா செத்தானான்னு தெரியாது, ஆனா தெனமும் வாரான், போறான். இன்னொருத்தன் கல்கத்தாவுல இருந்துக்கிட்டு எங்க வீட்டுப் பலகையில ஒக்காந்து சோறு திங்க வேண்டாம். அத என்னால பாக்க முடியாது. போங்க."

"ஊரு சிரிக்கும்னு இஞ்ஞாசி..."

"நான் வேண்டாம்னேன்னு சொல்லிக்கிடுதேன். சிரிக்கட்டும். எனக்குப் பழக்கம்."

அவன் நின்றுகொண்டே இருந்தான். இன்னும் ஏதாவது சொல்வான் என்று அவள் காத்திருந்தாள். உண்மையில், மாட்டேன் என்று ஒரு வார்த்தை அவன் அடம்பிடித்திருந்தால் போதும். அவனுக்கோ அவ்வளவு தமிழ் இல்லை. தமிழ் இல்லையா, துணிச்சல் இல்லையா என்று யார் கண்டது? தலையைக் குனிந்துகொண்டு முன்னறைக்குப் போனான். குச்சிகளின் சத்தம் மறுபடி கேட்க ஆரம்பித்தது.

புதன்கிழமை ஸ்டேஷனுக்கு மில் ஆட்கள் மாலையோடு வந்திருந்தார்கள். காசிலிங்கம் கோபத்தில் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றார்.

"ஏலே, கால் முட்டப் பாத்துக்கிடு. அங்கன ஒனக்கு உப்பு வறுக்க எவ இருக்கா?" என்றவர், சொன்ன பிறகுதான் இஞ்ஞாசி பக்கத்தில் நிற்பதைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

இஞ்ஞாசி ஒரு பொட்டலம் கருவாட்டை ஜன்னல் வழியாகக் கொடுத்தான். ரயில் அசைந்தபோது எய்னோ அவன் கையை எட்டிப் பிடித்து, "போயிட்டு வாரேன்," என்றான்.

"வர வேண்டாம்லே," என்றான் இஞ்ஞாசி. "நல்லா வெளயாடு." சொல்லிவிட்டு ரயில் போகுமுன்னே திரும்பி நடந்தான்.

ஊர் சிரித்ததோ இல்லையோ, ஏசியது. கயிறு பிடித்த மாப்பிள்ளையை வேண்டாமென்றவள் என்று குழாயடியில் ஆக்னஸுக்கு வழி விடமாட்டார்கள். அற்புதமணி சீனிக் கிண்ணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனாள். இஞ்ஞாசியின் மூத்த தங்கச்சி நாலு நாள் கழித்து வந்து வாசலிலேயே நின்று, "அண்ணே, கோவிச்சுக்கிடாத. அவுகளுக்கு வேற ஆளு கயிறு பிடிக்கட்டும். அவசகுனம் பிடிச்ச கைன்னு மத்தவுக சொல்லுதாக," என்றாள். இனிகோ அவள் முதுகுக்குப் பின்னால் நின்று தரையைப் பார்த்தான். இஞ்ஞாசி அந்தக் காலம் முழுதும் வேறு ஒருவன் வள்ளத்தில் துடுப்புப் போட்டான். பிறகு ஆறுமுகநேரி உப்பளத்துக்குக் கூலிக்குப் போனான். ஆக்னஸ் மேல் ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. வீட்டில் பேச்சு குறைந்துபோயிற்று, அவ்வளவுதான்.

கோடைக் காற்று அடித்து ஓய்ந்து, கடல் தெளிய ஆரம்பித்த மாதம், உப்புக் கப்பலில் கல்கத்தா போய்வந்த வளன் ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்தான். அதே தெருப் பயல்தான். ஹில்டா காப்பி போட்டுக் கொடுத்தாள். இஞ்ஞாசி உப்பளத்திலிருந்து வந்து வெடித்த காலில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். ஆக்னஸ் அடுக்களையில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

"எய்னோவப் பாத்தேன் மாமா."

இஞ்ஞாசி எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தான். "எங்கன? எப்படி இருக்கான்?"

"ஆஸ்பத்திரியில. மழைச் சேத்துல ரெண்டு பேரு மேல விழுந்துட்டானுவளாம். முட்டு போச்சு. நாலே ஆட்டந்தான் ஆடுனானாம். இப்பக் கம்பு ஊனி நடக்கான். இனிப் பந்து கெடையாதுன்னு டாக்டரு சொல்லியாச்சு. கிளப்புல பந்துக்குக் காத்தடிக்க, பூட்ஸ் தைக்கன்னு ஒரு வேல தருவாங்களாம்."

"யய்யா," என்றாள் ஹில்டா. "அங்கன யாரு பாத்துக்கிடுதா அவன?"

"யாரு இருக்கா? என்னக் கண்டதும் கையப் பிடிச்சுக்கிட்டான், விடவே மாட்டங்கான். ஆஸ்பத்திரிக்காரங்க கேட்டாங்களாம், ஒனக்கு ஏதும் ஆனா யாருக்குச் சொல்லணும், சொந்தம் யாருன்னு. இவன் என்ன சொல்லியிருக்கான் தெரியுமா?" வளன் காப்பியை வைத்துவிட்டு இஞ்ஞாசியைப் பார்த்தான். "தூத்துக்குடியில மச்சான் இருக்கான், இஞ்ஞாசின்னு பேருன்னு சொன்னானாம்."

இஞ்ஞாசி முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. இத்தனை மாதம் அவன் அழுது யாரும் பார்த்ததில்லை. "சொன்னானா? மச்சான்னா சொன்னான்?" என்று துண்டுக்குள்ளிருந்தே கேட்டுக்கொண்டிருந்தான்.

ஆக்னஸ் அடுக்களை வாசலுக்கு வந்தாள். வடிகஞ்சி ஆவி பட்டு முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"அண்ணே, நீ அவுகளுக்கு மச்சான்," என்றாள். "அப்ப நான் யாராம்?"

வளன் தலையைக் குனிந்துகொண்டான். ஹில்டா புருஷனைப் பார்த்தாள். ஆக்னஸ் கேட்டுவிட்டுப் போய்விடவில்லை, பதில் வரும் என்று அங்கேயே நின்றாள்.